அறுபது கணினிக்கும் ஒரே பிட்டு

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி. கல்லூரி லேப். அறுபது கணினிகள். திங்கள் காலை பத்து மணிக்கு பிராக்டிகல் தேர்வு. அதற்குள் எல்லாவற்றிலும் லினக்ஸ் ஏறியிருக்க வேண்டும் என்று ஹெச்ஓடி மேடம் சொல்லிவிட்டுப் போயாயிற்று. "நெட்வொர்க்லயே போட்டுடலாம் மேடம், எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று நீங்களும் வாயைக் கொடுத்தாயிற்று. பதறாதீர்கள். இந்த வேலையை எத்தனை விதமாகச் சொதப்ப முடியுமோ அத்தனையையும் செய்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியோடு கைகொடுக்க வந்திருக்கிறேன். புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதான். வரிசைப்படுத்தித் தருவது மட்டும் என் வேலை.

ஓஎஸ் போடும்போது அது கேள்வி கேட்கும். என்ன மொழி, எந்த டிஸ்க், என்ன ஐபி, என்ன பாஸ்வேர்டு. ஒரு கணினி என்றால் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லலாம். அறுபது என்றால் நடக்காது. அதனால் விடைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறோம். ரெட் ஹேட்காரர்கள் அதற்குக் கிக்ஸ்டார்ட் என்று பெயர் வைத்தார்கள். டெபியன்காரர்களுக்கு அது பிரீசீட். சூசேவில் ஆட்டோயாஸ்ட். அந்தக் காலத்து சன் சோலாரிஸில் ஜம்ப்ஸ்டார்ட். நம் ஊரில் இதற்குப் பெயர் பிட்டு.

பிட்டின் அருமை தெரியாதவர்கள் கையாலேயே ஓஎஸ் போட்டுக்கொண்டிருக்கட்டும். பதினேழாவது கணினியில் கை தவறினால் அவர்களுக்குக் கெடுவது பதினேழாவது மட்டும். நமக்கு அப்படியில்லை. கோப்பில் ஒரு வரியைக் கெடுத்தால் போதும், அறுபதும் கெடும். இவ்வளவு சிக்கனமான தொழில் வேறு எது?

மேடம் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ஒவ்வொரு கணினிக்கும் மாறாத ஐபி வேண்டும். தேர்வில் யார் எங்கே உட்கார்ந்து எதைச் சமர்ப்பித்தார்கள் என்று பார்க்க, 25-ம் மேசைக்கு 25-இல் முடியும் முகவரி. நியாயமான கோரிக்கை. அதை வைத்துத்தான் நாம் விளையாடப் போகிறோம்.

1. ஐபி பட்டியலைக் காலண்டர் தாளில் எழுதுங்கள்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் இருக்கிறதே, அதைவிடச் சிறந்த ஆவணம் கிடையாது. ஒரு தாளில் பதினைந்து முகவரி எழுதலாம். ஆக நாலு நாள் கிழித்தால் லேப் முழுக்க அடங்கிவிடும். கீபோர்டுக்கு அடியில் சொருகி வையுங்கள். அடுத்த பிரதோஷத்துக்குள் லேப் அண்ணன் அதில் ஒன்றை எடுத்துத் திருநீறு மடித்திருப்பார். 31 முதல் 45 வரை யாருக்குக் கொடுத்தோம் என்பது அதன் பிறகு இறைவனுக்கே வெளிச்சம்.

2. முகவரி காலியா என்று பிங் போட்டுப் பாருங்கள்.

ஆபீஸ் மூடிய பிறகு, மாலை ஐந்தரைக்குப் போடுங்கள். பதில் வராவிட்டால் காலி. உடனே எடுத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல வேண்டிய பிரிண்டரை மாலையில் அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். விண்டோஸ் கணினி விழித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் ஃபயர்வால், கேட்காமலேயே வந்து கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று பிறந்தபோதே சொல்லி அனுப்பப்பட்டது. இதெல்லாம் உங்கள் கவலை அல்ல.

திங்களன்று நடப்பது இது. யாரோ நெட்வொர்க்கில், "192.168.10.25 யாருப்பா?" என்று கூப்பிடுவார்கள். வருகைப் பதிவில் ஒரே பெயருக்கு இருவர் எழுந்து நிற்பதுபோல, உங்கள் லேப் கணினி ஒரு பக்கமும் முதல்வர் அறைப் பிரிண்டர் ஒரு பக்கமும் "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுக்கும். எந்தக் குரல் கடைசியாகக் காதில் விழுந்ததோ அதுவே உண்மை என்று எடுத்துக்கொள்ளப்படும். பத்து நிமிடம் வேலை செய்யும், பத்து நிமிடம் செய்யாது. மாணவன் எழுதிய சி நிரல் முதல்வர் அறையில் அச்சாகாது. அந்த அளவுக்கு நமக்கு அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் முதல்வரின் சுற்றறிக்கை அச்சாகாமல் நிற்கும். ஒரு முகவரியை எடுத்துக்கொள்வதற்கு முன் "இந்தப் பெயரில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார வேண்டும் என்று 2008-லேயே ஆர்எஃப்சி 5227-இல் எழுதிவைத்தார்கள். நல்ல பழக்கம்தான். நமக்கு நேரமில்லை.

இன்னும் தேர்ந்தவர்கள், ரவுட்டர் தானாக வாரி வழங்குவதற்காக ஒதுக்கி வைத்த முகவரிகளுக்குள் புகுந்து ஒன்றை எடுப்பார்கள். தகராறு வர வாரக்கணக்காகும். அதற்குள் உங்களை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

3. அழகுக்காக முன்னால் பூஜ்யம் போடுங்கள்.

192.168.10.25 என்று எழுதினால் பட்டியல் கோணல்மாணலாகத் தெரிகிறது. 192.168.010.025 என்று எழுதுங்கள். நெடுவரிசை நூல் பிடித்ததுபோல் நிற்கும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டை அடிமானமாகக் கொண்டு படிப்பது பழைய சி நிரல்களின் வழக்கம். அந்தக் கணக்கில் 010 என்பது எட்டு, 025 என்பது இருபத்தொன்று. ஆக உங்கள் கணினி 192.168.8.21 என்ற ஊருக்குக் குடிபோய்விடும். எல்லா நிரல்களும் இப்படிப் படிக்காது. சில பத்து என்றே படிக்கும், சில "இது முகவரியே இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த வேறுபாட்டில்தான் சுவையே இருக்கிறது.

4. ஒரே பிட்டை எல்லோருக்கும் கொடுங்கள்.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன், விடையோடு சேர்த்து அவன் பதிவெண்ணையும் எழுதிவிட்டு வந்த கதையை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள். அந்தக் கதையை மென்பொருளில் நிகழ்த்துவதே இந்தப் படி.

கிக்ஸ்டார்ட் கோப்பில் நெட்வொர்க் என்று ஒரு வரி வரும். அதில் பூட்புரோட்டோ ஸ்டேட்டிக், ஐபி 192.168.10.25, நெட்மாஸ்க், கேட்வே என்று நீங்கள் சோதித்துப் பார்த்த முதல் கணினியின் விவரம் இருக்கும். சோதனை அருமையாக வேலை செய்தது, இல்லையா? அப்படியே அந்தக் கோப்பை மற்ற ஐம்பத்தொன்பதுக்கும் கொடுங்கள். இப்போது அறுபது பேரும் 25-ம் நம்பர். இரண்டு குரல் "உள்ளேன் ஐயா" சொன்னதற்கே அந்தப் பாடு. இப்போது வகுப்பே எழுந்து நிற்கிறது.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. எதைச் செய்யக் கூடாது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் கார்டுக்கும் மேக் முகவரி என்று ஒரு மச்சம் உண்டு. நெட்வொர்க் வழியாகப் பூட் செய்யும் பிஎக்ஸ்இலினக்ஸ் எழுந்ததும் தன் மச்சத்தின் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடும். முன்னால் 01, பிறகு மேக் முகவரி, நடுவில் சிறு கோடுகள், எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். கிடைக்காவிட்டால் ஐபி முகவரியைப் பதினாறடிமான எண்ணாக்கித் தேடும், 192.168.10.25 என்பது அப்போது சி0ஏ80ஏ19. அதுவும் இல்லையென்றால் கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக வெட்டி வெட்டித் தேடும். எல்லாம் ஓய்ந்த பிறகு டீஃபால்ட் என்ற பொதுக் கோப்பில் போய் விழும். ஆளுக்கொரு கோப்பு வைத்தால் ஆளுக்கொரு முகவரி கொடுத்துவிடலாம் என்பது அவர்கள் ஏற்பாடு.

மேடம் வற்புறுத்தினால் ஆளுக்கொரு கோப்பு எழுதுங்கள், ஆனால் பெரிய எழுத்தில். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது; அந்தச் சமத்துவத்தை இங்கேயும் நிலைநாட்டுங்கள். லினக்ஸ் சர்வருக்கு அந்தப் பேதம் உண்டு. அது கோப்பைக் காணவில்லை என்று சொல்லிவிடும், அறுபதும் டீஃபால்டில் விழும், நாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம்.

மேக் முகவரியைப் பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துக் கையால் எழுதுங்கள். கணினியிடமே கேட்டால் பிழையில்லாமல் சொல்லும் என்பதற்காகக் கேட்காதீர்கள். போன ஆயுத பூஜையில் லேப் அண்ணன் ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார் அல்லவா? பாதிக்குப் பாதி அந்த ஸ்டிக்கர் மேலேயே வைத்திருப்பார். சந்தனம் காய்ந்த இடத்தில் 8 எழுதியிருக்கிறதா, ஆங்கில பி எழுதியிருக்கிறதா என்று ஊகிப்பதற்கு அனுபவம் வேண்டும். ஊகியுங்கள்.

5. வீட்டு விலாசத்தை எழுதி வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். நெட்வொர்க் வழியாக ஸ்டேட்டிக் ஐபி கொடுப்பதன் முழு ரகசியமும் இந்தப் பழமொழிக்குள் இருக்கிறது.

ஸ்டேட்டிக் முகவரியைப் பிட்டில் எழுதினீர்கள். பிட்டை ஒரு வெப் சர்வரில் வைத்தீர்கள். கணினி அந்தப் பிட்டைப் போய் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டுமானால் நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க்குக்கு முகவரி வேண்டும். முகவரி எங்கே இருக்கிறது? பிட்டில். பிட்டு எங்கே இருக்கிறது? நெட்வொர்க்குக்கு அந்தப் பக்கம்.

டெபியன்காரர்கள் இதை ஒளித்து வைக்கவில்லை. பிரீசீட் கோப்பு நெட்வொர்க் வழியாக வந்தால், அது கைக்கு வரும் நேரத்தில் நெட்வொர்க் அமைக்கும் கட்டம் முடிந்துபோயிருக்கும். அதனால் கோப்பில் நீங்கள் எழுதிய ஸ்டேட்டிக் வரிகளை யாரும் படிக்கப்போவதில்லை என்று கையேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் அந்த வரிகளைப் பூட் வரியிலேயே கொடுங்கள், அல்லது கோப்பு வந்து சேர்ந்ததும், தானாக முகவரி வாங்கித் தரும் டிஹெச்சிபி-யைக் கொன்றுவிட்டு நெட்வொர்க் கட்டத்தை இரண்டாம் முறை ஓட்டுங்கள் என்று வழியும் காட்டியிருக்கிறார்கள். கையேட்டை நீங்கள் படிக்கப்போவதில்லை என்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். வரிகளைக் கோப்பில் எழுதுங்கள். வேலை செய்யாவிட்டால் இன்னும் அழுத்தமாக எழுதுங்கள்.

இதில் இன்னொரு சங்கதி. "நம்ம லேப்ல டிஹெச்சிபி-யே கிடையாது, எல்லாம் ஸ்டேட்டிக்தான்" என்று மார்தட்டுகிறவர்கள் நம்மில் அதிகம். நெட்வொர்க் கார்டிலிருந்தே பூட் ஆவதற்கு இன்டெல் வகுத்த பிஎக்ஸ்இ முறையின் 2.1 பதிப்பு 1999-இல் வந்தது. கணினி கண் விழித்ததும் அது செய்கிற முதல் வேலை டிஹெச்சிபி-யைக் கூவி அழைப்பதுதான். "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள், எந்தச் சர்வரில் என்ன கோப்பு எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்." கொடுக்க ஆளில்லை என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். டிஹெச்சிபி ஆகாதென்றால், பென்டிரைவில் பூட் செய்து முகவரியைப் பூட் வரியில் எழுதித்தான் தீர வேண்டும். அறுபது பென்டிரைவுக்கு மேடம் கையெழுத்துப் போட மாட்டார். ஆகவே டிஹெச்சிபி வேண்டாம் என்றே பிடிவாதமாக இருங்கள், அறுபது திரையும் கறுப்பாக இருப்பதை ஒரு மணி நேரம் பாருங்கள், பிறகு எட்டாம் படிக்குத் தாவுங்கள்.

6. நிறுத்தற்குறிகளை மதிக்காதீர்கள்.

முக்காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்று தமிழ் ஐயா தலையில் குட்டியபோது, இது எதற்கு உதவப்போகிறது என்று நினைத்தீர்களே, இதற்குத்தான். ரெட் ஹேட் 7 முதல் பூட் வரியில் முகவரியை இப்படி எழுத வேண்டும்:

ஐபி=192.168.10.25::192.168.10.1:255.255.255.0:லேப்25:ஈஎன்ஓ1:நன்

முதலில் உங்கள் முகவரி, கடைசியில் "தானாக எதுவும் வேண்டாம்" என்ற பொருளில் ஒரு சொல். முதல் முகவரிக்குப் பிறகு இரண்டு முக்காற்புள்ளி அடுத்தடுத்து வருகின்றன, கவனித்தீர்களா? நடுவில் ஒரு காலி நாற்காலி. அங்கே வேறொரு சர்வரின் முகவரி உட்கார வேண்டும், நமக்கு அது தேவையில்லை என்பதால் வெறுமனே விடுகிறோம். ஆனால் பார்ப்பவர்களுக்குத் தட்டச்சுப் பிழை போலத் தெரியும். எனவே ஒன்றை அழித்துவிடுங்கள். எல்லோரும் ஒரு நாற்காலி முன்னே நகர்வார்கள். கேட்வே சர்வராவார், நெட்மாஸ்க் கேட்வே ஆவார், லேப்25 என்ற பெயர் நெட்மாஸ்க் ஆகும். அமைச்சரவை மாற்றம் மாதிரி: எல்லோருக்கும் பதவி உண்டு, யாருக்கும் அந்த வேலை தெரியாது.

உபுண்டுக்காரர்களுக்கு அரைப்புள்ளி. அவர்களுடைய பிட்டு இருக்கும் இடத்தைச் சொல்லும் வரியின் நடுவில் ஒரு அரைப்புள்ளி வரும். பூட் லோடரான கிரப் அதைக் கண்டதும் வாக்கியம் முடிந்தது என்று எழுந்து போய்விடும். மேற்கோள் குறிக்குள் வைத்தால்தான் முழுதும் கேட்கும். மேற்கோள் குறி போடாதீர்கள்.

7. பழைய பெயரையே சொல்லுங்கள்.

தெருப் பெயரை மாற்றி எத்தனை வருடம் ஆனாலும் ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைத்தானே சொல்கிறோம்? நெட்வொர்க் கார்டுக்கும் அதே மரியாதை கொடுங்கள். ஈத்0 என்று எழுதுங்கள். 2013-இல் சிஸ்டம்டி வந்து ஈஎன்பி3எஸ்0 என்று இருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டத் தொடங்கியதை அறிந்ததாகவே காட்டிக்கொள்ளாதீர்கள். கேபிள் எந்தத் துளையில் இருக்கிறதோ அதை நீயே எடுத்துக்கொள் என்று சொல்லவும் கிக்ஸ்டார்டில் வசதி உண்டு. வசதியெல்லாம் சோம்பேறிகளுக்கு.

பிட்டு எங்கே என்று சொல்லும் கட்டளையையும் பழையபடி வெறும் கேஎஸ் என்றே எழுதுங்கள். ரெட் ஹேட் 9 அதைக் கண்டுகொள்வதே இல்லை. முன்னால் இன்ஸ்ட், ஒரு புள்ளி வேண்டும் அதற்கு. பிட்டு கிடைக்காத கணினி என்ன செய்யும்? நேர்மையாகக் கேள்வி கேட்கும். அறுபது திரைகளும் ஒரே குரலில் உங்களைப் பார்த்து "என்ன மொழி?" என்று கேட்கிற காட்சியை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும்.

8. உங்கள் லேப்டாப்பில் டிஹெச்சிபி ஓட்டிக் கல்லூரி நெட்வொர்க்கில் சொருகுங்கள்.

லேபுக்குத் தனி ஸ்விட்ச் வைத்துப் பிரித்துவிட்டால் உங்களுக்கு மட்டும்தான் பயன். கல்லூரி முழுவதும் பயன்பெற வேண்டாமா? டிஹெச்சிபி கேட்பவருக்கு யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவரே வள்ளல். உங்கள் லேப்டாப் பழைய ரவுட்டரைவிடச் சுறுசுறுப்பு. அடுத்த அரை மணி நேரத்தில், ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபீஸ் கவுன்டர் அக்கா உங்களிடம் முகவரி வாங்கியிருப்பார், உங்கள் லேப்டாப்பையே கேட்வே என்று நம்பியிருப்பார். அவருக்கு இன்டர்நெட் வராது. "நெட் இல்லையே தம்பி, பார்த்துச் சொல்றீங்களா" என்று போன் வரும். போய்ப் பாருங்கள். கேபிளைப் பிடுங்கி மாட்டுங்கள். ரவுட்டரைத் திட்டுங்கள். டீ கொடுப்பார்.

9. முப்பது வினாடி.

இது சுருக்கமான படி. செய்ய வேண்டியது எதுவும் இல்லை, சும்மா இருந்தால் போதும். நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்சுகளில் ஸ்பேனிங் ட்ரீ என்று ஓர் எச்சரிக்கை உணர்வு உண்டு. புதிதாக ஒரு போர்ட் உயிர்பெற்றால், வட்டம் சுற்றுகிறதா என்று 15 வினாடி காது கொடுத்துக் கேட்கும், பிறகு 15 வினாடி கற்றுக்கொள்ளும், அதன் பிறகே கதவைத் திறக்கும். பூட் ஆகும் கணினிக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை. கதவு திறப்பதற்குள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு "யாரும் இல்லை" என்று எழுதிவைத்துவிடும். நடுவில் கணினி ஒரு முறை லிங்க்கை விட்டுப் பிடித்தால் முப்பதும் முதலிலிருந்து. கணினி சொருகும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீர்ந்தது. போடாதீர்கள். கேபிள் சரியில்லை என்று முடிவெடுங்கள். ஒன்று விடாமல் அறுபது கேபிளுக்கும் கிரிம்பிங் டூலை எடுத்து முனை மாற்றுங்கள். ஒவ்வொரு முனையாக மாற்றி மறுபடி முயலும்போது நேரம் கடந்திருக்கும், சில சமயம் வேலையும் செய்யும். "சொன்னேன்ல, கேபிள்தான்."

10. எல்லாவற்றையும் டிஎஃப்டிபி-யில் அனுப்புங்கள்.

1992-இல் எழுதப்பட்ட ஆர்எஃப்சி 1350. 512 பைட்டு ஒரு துண்டு. துண்டு கிடைத்தது என்று பதில் வந்தால்தான் அடுத்த துண்டு. பந்தியில் ஒரே ஆள் பரிமாறுவதுபோல. இலைக்கு ஒரு பருக்கை வைப்பார், நீங்கள் "வந்துச்சுங்க" என்று சொன்ன பிறகு அடுத்த பருக்கை. 60 எம்பி உள்ள தொடக்கக் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1,22,880 பருக்கை, அத்தனை "வந்துச்சுங்க". அறுபது இலை. ஒரு ஆள். பெரிய துண்டாக அனுப்ப வழி உண்டு, எச்டிடிபி-யில் அனுப்பவும் வழி உண்டு. பந்திக்கு இன்னொரு ஆளைக் கூப்பிட்டால் உங்கள் கௌரவம் என்ன ஆவது?

11. எல்லா டிஸ்க்கையும் துடைக்கச் சொல்லுங்கள்.

கிளியர்பார்ட் ஆல். எவ்வளவு சுத்தமான சொல். எல்லாம் என்றால் எல்லாம். உள்ளே இருக்கும் டிஸ்க், பின்னால் மாட்டி மறந்துபோன எக்ஸ்டர்னல் டிஸ்க், கணினிக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஸ்டோரேஜ், எதையும் பேதம் பார்க்காது. இந்த டிஸ்க்கை மட்டும் தொடு என்று சொல்ல ஒன்லி-யூஸ் என்ற ஒரு வாசகம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் தினமும் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறவர்கள்.

போட்டே ஆக வேண்டும் என்றால் எஸ்டிஏ என்று எழுதுங்கள். அது எப்போதும் உள்ளே இருக்கும் முதல் டிஸ்க் என்பது நம் நம்பிக்கை. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு அந்தப் பெயர் என்பது கணினியின் நம்பிக்கை. இறுதியாண்டு மாணவி ஒருத்தி 42-ம் கணினியில் பென்டிரைவை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுடைய புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கிற இடத்தில் இனி முழு லினக்ஸும் ஏறப்போகிறது. சின்ன பென்டிரைவ் என்றால் இடம் போதவில்லை என்று பாதியில் நிற்கும். துடைத்த பிறகுதான் நிற்கும்.

12. பாஸ்வேர்டைப் பச்சையாக எழுதுங்கள்.

பிளெயின்டெக்ஸ்ட் என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். கொடுத்ததைப் பயன்படுத்தாவிட்டால் மனம் புண்படும். பிட்டு கடவுச்சொல் கேட்காத வெப் சர்வரில் இருக்கிறது, ஏனென்றால் எழும்பி வரும் கணினியிடம் கடவுச்சொல் கேட்க முடியாது. ஆகவே லேபில் உள்ள எந்த மாணவனும் பிரவுசரில் திறந்து படிக்கலாம். படிப்பான். அறுபது கணினிக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதையும், அது கல்லூரியின் பெயரும் 123-ம் என்பதையும் அவன் முன்பே ஊகித்திருப்பான், உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் திறந்தான்.

13. உபுண்டு என்றால், "சரி" சொல்ல ஆள் வையுங்கள்.

20.04 முதல் அவர்களுடைய சர்வர் பதிப்பு முழுப் பிட்டையும் கையில் வைத்துக்கொண்டே, டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கும்: தொடரலாமா, ஆமா, இல்லையா? பூட் வரியில் ஆட்டோஇன்ஸ்டால் என்று ஒரே ஒரு சொல் இருந்தால் கேட்காது. எழுத மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். அறுபதும் உங்கள் ஒரு வார்த்தைக்காக விடிய விடிய காத்திருக்கும். இந்த விசுவாசம் மனிதர்களிடம் ஏது?

14. நெட்வொர்க் பூட்டை முதலிடத்தில் வையுங்கள், அங்கேயே விடுங்கள்.

பயாஸில் முதல் தேர்வு நெட்வொர்க், இரண்டாவது டிஸ்க். டீஃபால்ட் கோப்பில் முதல் வரி "ஓஎஸ் போடு". பிட்டின் கடைசி வரி "ரீபூட்". மெனு பத்து வினாடி நிற்கட்டும் என்று டைம்அவுட்டுக்கு 10 போடுங்கள். அது வினாடிக் கணக்கல்ல, வினாடியில் பத்தில் ஒரு பங்கு. மெனு ஒரு வினாடி தலைகாட்டி மறையும். படிப்பதற்குள் வேலை தொடங்கிவிடும்.

இப்போது பாருங்கள். கணினி நெட்வொர்க்கில் எழும், டிஸ்க்கைத் துடைக்கும், ஓஎஸ் போடும், வேலை முடிந்தது என்று ரீபூட் ஆகும், நெட்வொர்க்கில் எழும், டிஸ்க்கைத் துடைக்கும். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் என்று வையுங்கள். வெள்ளி மாலை ஆறு முதல் திங்கள் காலை ஒன்பது வரை 63 மணி நேரம். கணினி ஒன்றுக்கு 189 முறை, லேபுக்கு 11,340 முறை. இவ்வளவு உழைப்பை ஒரு வார இறுதியில் அந்தக் கட்டடம் கண்டதில்லை. பொதுக் கோப்பில் "டிஸ்க்கிலிருந்தே எழு" என்று எழுதிவிட்டு, போட வேண்டிய கணினிகளுக்கு மட்டும் தனிக்கோப்பு வைத்து வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுவது ஒழுங்கானவர்கள் வழி. காப்ளர் என்ற கருவியில் ஒரே முறை போதும் என்று சொல்லவே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். நாம் பொத்தான்களை நம்பி வளர்ந்தவர்கள் அல்ல.

இரண்டாவது சுற்றில் கவனித்துவிட்டீர்கள் என்றால் இப்படிச் சமாளியுங்கள். ஒரு கணினி ரீபூட் ஆகும் கணத்தில் ஓடிப்போய் அதன் பின்னால் கையை விட்டுக் கேபிளைப் பிடுங்குங்கள். நெட்வொர்க் இல்லையே என்று சலித்துக்கொண்டு டிஸ்க்கிலிருந்து எழும். எழுந்ததும் கேபிளைத் திரும்ப மாட்டுங்கள். அதற்குள் கடைசி வரிசையில் இன்னொன்று ரீபூட் ஆகும். ஓடுங்கள். ஜன்னலோரம் இரண்டு. ஓடுங்கள். இரவு பதினொன்றரை வரை அறுபது மேசைக்கும் நடுவில் நீங்கள் ஓடுவதை வாசலில் நின்று பார்த்த வாட்ச்மேன், "என்ன சார் ஆட்டோமேட்டிக்னு சொன்னீங்களே" என்பார். பதில் சொல்ல மூச்சு இருக்காது.

15. சர்வரை ஓட விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பயாஸைத் திரும்ப மாற்ற அறுபது மேசைக்கும் மறுபடி போக வேண்டும், உங்களால் முடியாது. லேப்டாப்பை ஸ்விட்சில் சொருகியபடியே ரேக்குக்குள் வைத்துப் பூட்டுங்கள். சனிக்கிழமை லேப் அண்ணனுக்குப் போன் செய்து, "எதையும் ஆஃப் பண்ணிடாதீங்கண்ணே" என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் என்று சொல்லாதீர்கள். அவர் நல்லவர், சொன்னால் கேட்பார்.

திங்கள் காலை லீவு போடுங்கள். பத்து மணிக்குத் தேர்வு தொடங்கும். எல்லாம் அழகாக ஓடும். மேடம் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினரிடம் உங்கள் பெயரைச் சொல்லிப் பாராட்டுவார். பதினொன்றே முக்காலுக்கு மின்சாரம் போகும். லேபின் யூபிஎஸ் இரண்டு முறை கத்திவிட்டு ஓய்ந்துவிடும். நாலு நிமிடத்தில் மின்சாரம் திரும்பும். ரேக்குக்குள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் லேப்டாப்புக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. அறுபது மாணவர்களும் சொன்னபடி கேட்கிற பிள்ளைகளாக ஒரே நேரத்தில் பவர் பட்டனை அழுத்துவார்கள். மெனு ஒரு வினாடி வந்து போகும். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல், அந்த அறையில் அறுபது பேர் சரசரவென்று எழுதத் தொடங்குவார்கள்.